மகளின் வருத்தத்துக்கு அம்மா எடுத்த மருந்து

கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் அஜந்தாவைப் போல வாய்க்காரி இன்னொருத்தி இல்லை. வாவிக்கரையில் உள்ள வாடியில் இறாலுக்குத் தலை கிள்ளிக் கோது கழற்றுவது அவளுடைய வேலை. அவள் வராத நாளில் வாடி செத்த வீடு மாதிரி இருக்கும் என்று அங்கே வேலை செய்கிற பெண்கள் சொல்வார்கள். முதலாளி நடக்கிற நடை, புதிதாய்க் கலியாணம் முடித்தவள் வேலையில் தூங்கி விழுகிற விதம், என்னுடைய எடுப்புப் பல்லு, ஒன்றையும் விட்டுவைக்கமாட்டாள். நானும் சும்மா விடுகிறவள் இல்லை. அடுத்தடுத்த வளவில் இருந்துகொண்டு, வேலிக்கு மேலால் வாய் கொடுத்து வாய் வாங்கியே நாங்கள் சிநேகிதமானோம். அதனால் அவளைப் பற்றி நான் நல்லதும் சொல்வேன், ஏசியும் சொல்வேன்.

அந்த வாய் ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டிக்கொண்டது. அவளுடைய மூத்த மகள் சதுர்சிகாவின் விஷயத்தில்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாய் சீதனமாகக் கொடுத்த வீட்டில் அஜந்தா இருக்க, உதயரூபன் ஒரு உடுப்புப் பையோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான். ஓட்டோ ஓடுகிறான், பாலத்தடி ஸ்டாண்டில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. சதுர்சிகா பெரிய பிள்ளையான அன்றைக்கே அந்த வீடு எல்லாருடைய மனதிலும் அவளுக்கு எழுதப்பட்டுவிட்டது. உதயரூபனின் அக்கா அன்னப்பூரணி, இவளை என் மகனுக்குத்தான் எடுப்பேன் என்று சாமத்தியச் சடங்கில் எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். மச்சான் முறை, கேட்க உரிமை உண்டு. அந்தக் கேள்வியில் பாசம் எவ்வளவு, வீடு எவ்வளவு என்று நான் சொல்லப்போனால் எனக்கு வாய்க்கொழுப்பு என்பார்கள்.

சதுர்சிகா கெட்டிக்காரி. கணக்கில் வகுப்பிலேயே முதலாவது. பெரியவர்களைக் கண்டால் எழும்பி நிற்பாள். அவளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதாக இருக்கும்போது அஜந்தாவின் கோழி ஒரு அடை குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கால் முறிந்து செத்தன. கீரி என்றார்கள், பூனை என்றார்கள். எந்தக் கீரி காலை முறித்துவிட்டுத் தின்னாமல் போகும் என்று நான் கேட்டதற்கு அஜந்தா என்னோடு சண்டைக்கு வந்தாள். அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

பிறகு தம்பியில் தொடங்கியது. யதுசன் அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, இனிப் பிள்ளையே இல்லை என்று இருந்த நேரத்தில் பிறந்தவன். தாய் வாடிக்குப் போனால் அக்காதான் அவனைப் பார்ப்பாள். முதலில் கிள்ளிய அடையாளங்கள். பிறகு தொடையில், முதுகில், உடுப்பு மறைக்கிற இடங்களில் சூடு. அஜந்தா ஒருநாள் இறால் வரத்து இல்லாமல் வேளைக்கு வீட்டுக்கு வந்தபோது நேரிலேயே கண்டாள். சதுர்சிகா குசினியில் குந்தியிருந்து, கரண்டியை அடுப்பில் காய்ச்சித் தம்பியின் காலில் வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. சோறு வெந்துவிட்டதா என்று பார்க்கிறவளின் முகம்தான் அது. பிள்ளை கத்தவில்லை. கத்தினால் இரண்டாம் தரமும் வைப்பாள் என்று அந்தச் சின்ன உயிர் பழகிவிட்டது.

அஜந்தா ஈர்க்குக்கட்டு பிய்ந்து போகிற அளவுக்கு மகளை அடித்தாள். அவள் அடியை வாங்கிக்கொண்டு, முகம் கழுவி, புத்தகத்தை விரித்துக்கொண்டு இருந்தாளாம். இரவுச் சாப்பாட்டுக்குத் தம்பிக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

உதயரூபனிடம் சொன்னதற்கு, அக்கா தம்பி என்றால் அப்படித்தான், நாங்கள் அடிபடாத அடியா என்றான். அஜந்தா பிள்ளையின் காற்சட்டையைக் கழற்றிக் காட்டினாள். அதைப் பார்த்துவிட்டு அவன் சொன்ன முதல் பேச்சு, இது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்பதுதான். வெந்த காலுக்கு என்ன பூசலாம் என்று அவன் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மருந்து தேடும் படலம். சித்தாண்டிப் பக்கத்தில் ஒரு கட்டாடியார் நூல் கட்டிப் பார்வை பார்க்கிறவர் என்று போனார்கள். அவர் தாயிடம் ஒரு மணித்தியாலம் விசாரித்தார், தகப்பனிடம் விசாரித்தார், பிள்ளையில் ஏதோ காத்துப் பட்டிருக்கிறது என்று தண்ணீர் ஓதி முகத்தில் அடித்தார். சதுர்சிகா நனைந்த முகத்தோடு போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். கையில் கறுப்பு நூலோடு வீட்டுக்கு வந்த கிழமையே தம்பியின் தோளில் புதிய தழும்பு. அஜந்தா அவனைத் தன்னோடு வாடிக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். இறால் தண்ணீரில் பிள்ளையின் கால் ஊறிப்போய்ச் சளி பிடித்தது, முதலாளியும் முணுமுணுத்தான்.

நேர்சரியில் படிப்பிக்கிற டீச்சர்தான் முதலில் தெளிவாகப் பேசியது. யதுசனுக்கு உடுப்பு மாற்றும்போது கண்டிருக்கிறாள். வீட்டில் யார் என்று கேட்க, அஜந்தா வழியில்லாமல் அழுது சொல்லிவிட்டாள். அந்த டீச்சர் பயப்படுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் இதற்கென்றே டொக்டர்மார் இருக்கிறார்கள், இந்த வயதுப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள், வேளைக்குக் கொண்டுபோனால் மாற்றலாம் என்று சொன்னாள். மாற்றலாம் என்ற அந்த ஒரு சொல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அஜந்தா வீட்டுக்கு ஓடினாள்.

உதயரூபன் துள்ளி விழுந்தான். ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோவோடு நிற்கிற அத்தனை பேரும் அவனுடைய கூட்டாளிகள். மெண்டல் கிளினிக் வாங்கிலில் மகளை இருத்தினால் அவள் வீட்டுக்கு வந்து சேர முதல் அன்னப்பூரணிக்குக் கதை போய்விடும். மகளைக் கலியாணம் ஆகாத குமராகவே வீட்டில் வைத்திருப்பதா என்று கேட்டான். அஜந்தா பிடித்த பிடியை விடவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு கரடியனாற்றில் என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். அப்போதுதான் அவனுடைய மூளை வேலை செய்தது.

“சரி, நீயே போ,” என்றான். “உனக்குத்தான் வருத்தமெண்டு சொல்லு. அவள் செய்யிறதெல்லாம் நீ செய்யிறதெண்டு சொல்லி மருந்த எடுத்து வந்து அவளுக்குக் குடு. உனக்கு இனிக் கலியாணமா நடக்கப் போகுது?”

வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை. கிளினிக் குளிசையைப் பங்கு போட்டுக் குடிப்பது இங்கே சீனி கடன் கேட்கிற மாதிரி. ஒருவருடைய பிரஷர் குளிசையில் இன்னொருவர் பாதி. இடுப்பு நாரி நோவுக்கு ஒருத்தி எடுத்து வந்தால் மூன்று பேருக்கு நாரி நோவு சுகம். தன் தாய்க்கு நடக்க ஏலாமல் போன காலத்தில் அஜந்தாவே தன் பேரைச் சொல்லிச் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுத்துக் கொடுத்தவள். அது சரிவந்தது, இதுவும் சரிவரும் என்று நினைத்தாள். விசரி. அவளை நினைக்க எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு சந்திக்கு முன்னாலேயே இறக்கிவிட்டு உதயரூபன் போய்விட்டான். உள்ளே இருந்தவர் இளம் டொக்டர், பொறுமையான ஆள். என்ன பிரச்சினை என்று கேட்டார். மருந்து பிசகக்கூடாது என்பதற்காக அஜந்தா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கோழிக்குஞ்சின் காலை முறித்தது, பிள்ளையைக் கிள்ளியது, கரண்டி காய்ச்சியது, எல்லாவற்றையும் நான் செய்தேன், நான் செய்தேன் என்று சொன்னாள். கோபம் வந்தால்தான் அப்படிச் செய்கிறீர்களா என்று அவர் கேட்டார்.

“கோபம் வாறல்ல ஐயா,” என்றாள். “சும்மா இரிக்கக்குள்ளதான் செய்யிற. செய்தாப் பொறகு அவனத் தூக்கி வெச்சு பிஸ்கட் குடுக்கிற.”

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். வீட்டில் வேறு யார் என்று கேட்டார். மூத்த மகள் இருக்கிறாள், தங்கமான பிள்ளை, தம்பியை அவள்தான் பார்க்கிறாள் என்றாள். மகளின் பேரில் ஒரு தூசு படக்கூடாது என்று இரண்டு தரம் தங்கம் என்று சொன்னாளாம். அவர் குளிசை கொடுத்து, அடுத்த கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். பிள்ளைக்கு ஆபத்து என்றால் அதைப் பார்க்கிற உத்தியோகத்தருக்கு அறிவிக்கவேண்டியது தன் கடமை என்றும் சொன்னார். அஜந்தா தலையாட்டினாள். குளிசைப் பக்கட் கைக்கு வந்த பிறகு வேறொன்றும் அவள் காதில் ஏறவில்லை.

குளிசையைப் பொடியாக்கிப் பின்னேரத் தேத்தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். முடிய முடியக் கிளினிக்குக்குத் தனியாகவே போய், புருஷனுக்கு ஓட்டம் என்று சாக்குச் சொல்லி எடுத்து வந்தாள். யாருக்கோ அளந்த மருந்து, யாருக்கோ போனது. சதுர்சிகாவுக்குக் கண் சொருகியது. பள்ளிக்கூடத்தால் வந்தால் படுக்கைதான். படுத்துக் கிடக்கிறவள் யாரைச் சுடுவாள்? யதுசனின் உடம்பில் புதிய காயம் இல்லை. அஜந்தா வாடியில் பழையபடி எல்லாரையும் நக்கலடித்தாள். என் பல்லுக்கும் ஒரு புதுப் பெயர் வைத்தாள். சந்தோஷத்தில் ஆள் ஒரு சுற்றுப் பருத்துப்போனாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைக் கண்டதில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாதது.

ஒருநாள் மகள் தேத்தண்ணீர்க் கோப்பையின் அடியில் கிடந்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். எழும்பிப்போய் அதை முருங்கையடியில் ஊற்றினாள். அன்றையிலிருந்து அந்த வீட்டில் அவள் தேத்தண்ணீர் குடிக்கவில்லை. அடுத்த கிழமை யதுசனின் முதுகு வெந்தது.

அந்தக் காயத்தின் ஈரம் காய முதல், டொக்டர் அறிவித்த உத்தியோகத்தர் வந்துவிட்டார். நல்ல பெண், சத்தம் போட்டுப் பேசவில்லை. கூட வந்தவர்கள் படலையைத் திறந்துதான் விட்டிருந்தார்கள். ஒழுங்கை முழுவதும் வேலியில் தொங்கியது, நானும்தான் நின்றேன். எங்கே மணத்ததோ தெரியாது, அன்னப்பூரணியும் வந்து படலையடியில் நின்றாள். பிள்ளையின் முதுகைப் பார்த்த பிறகு உத்தியோகத்தரின் முகம் மாறியது. நீங்களே டொக்டரிடம் சொல்லியிருக்கிறீர்கள், உண்மைதானே என்று கேட்டார்.

அஜந்தா புருஷனைப் பார்த்தாள். ஒரு சொல்லுத்தான் அவன் சொல்லவேண்டியிருந்தது. அவன் தன் அக்காவைப் பார்த்தான்.

“ஓம் மிஸ்,” என்றான். “அவவுக்குக் கொஞ்சக் காலமா ஏலாதுதான். நாங்க வெளிய சொல்லல்ல.”

மகளைக் கேட்டார்கள், அம்மா மருந்து குடிக்கிறவவா என்று. அம்மா மருந்து கொண்டு வாறவ என்றாள் அவள். அது பொய் இல்லை. அஜந்தாவின் வாய் அன்றைக்குத் திறந்திருக்கவேண்டும். படலையடியில் நின்ற மச்சாளின் கண்ணைக் கண்டு அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாட்டில் தங்கிச் சிகிச்சை எடுக்கலாம், அதுவரை சின்னவனோடு தனியே இருக்கக்கூடாது என்று முடிவானது. தாய் கொடுத்த வீட்டிலிருந்து அவள் வெளியே போக, உடுப்புப் பையோடு வந்தவன் உள்ளே நின்றான். ஓட்டோவில் ஏற முதல் அவனுடைய கையைப் பிடித்து, மகனை இன்றைக்கே கரடியனாற்றில் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். ஓம் என்றான். அவள் போன பிறகு, அங்கேயிருந்து நேர்சரி தூரம், ஆக்கள் என்ன நினைப்பார்கள் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு பிள்ளையை வீட்டிலேயே வைத்திருந்தான். பகல் முழுக்க அவன் ஓட்டோவில். பிள்ளை அக்காவோடு. வேலியால் கேட்ட எனக்கு, பொறுப்பான மகள் இருக்கிறாள் என்று பதில் சொன்னான்.

வாட்டில் அஜந்தாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யார் போனாலும் மகன் கரடியனாற்றிலா என்று கேட்டாள். நான்தான் போய் உண்மையைச் சொன்னேன். தலைமாட்டில் இருந்த சோற்றுப் பார்சலை எட்டி உதைத்துவிட்டு நேர்ஸிடம் ஓடினாள். டொக்டர் வந்ததும் காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னாள். நான் இல்லை, மகள். மருந்துக்காகப் பொய் சொன்னேன் என்றாள். இப்படி மாற்றிப் பேசுகிற ஆட்களை அவர் எத்தனை பேரைக் கண்டிருப்பார். ஆனாலும் தள்ளிவிடவில்லை. இந்த மருந்துக்கு உங்களுக்கு வரவேண்டிய சோர்வு ஏன் இல்லை என்று முதலே யோசித்தேன் என்றார். இரண்டு பிள்ளைகளோடும் வரும்படி உதயரூபனுக்கு ஆள் சொல்லி அனுப்பினார்.

வந்தான். மகளுக்கு நல்ல சட்டை, மகனுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்ட சேர்ட். தாயைக் கண்டதும் யதுசன் ஓடிவரவில்லை. தகப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அஜந்தா போய்த் தூக்கினாள். அவளுடைய கை முதுகில் பட்டதும் பிள்ளை விறைத்துப்போனான், ஆனால் சத்தம் வரவில்லை. சேர்ட்டைத் தூக்கிப் பார்த்தாள். பழைய காயத்துக்குப் பக்கத்தில் புதியது, இன்னும் நீர் கசிந்தது. உதயரூபன் எட்டிச் சேர்ட்டை இழுத்துவிடப் பார்த்தான். அதற்குள் நேர்ஸ் கண்டுவிட்டாள்.

டொக்டர் பிள்ளைக்கு முன்னால் குந்தினார்.

“தம்பி, இது ஆரு செய்தது?”

“அம்மா,” என்றான் யதுசன், தாயின் இடுப்பில் இருந்தபடியே. சொல்லிவிட்டு, சரியா என்று தகப்பனின் முகத்தைப் பார்த்தான்.

“எப்ப?”

“முந்தநாள்.”

முந்தநாள் அஜந்தா பூட்டிய வாட்டுக்குள் இருந்தாள். நேர்ஸ் நிலத்தைப் பார்த்தாள். சின்னப் பிள்ளை, அதற்கு நாள் எது கிழமை எது தெரியும் என்று உதயரூபன் சிரிக்கப் பார்த்தான். யாரும் அவனோடு சேர்ந்து சிரிக்கவில்லை. பெற்ற பிள்ளைக்கு வெந்த முதுகோடு பொய் சொல்லப் பழக்கியவனைப் புருஷன் என்று நினைத்து வாழ்ந்தேனே என்று அஜந்தா பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். அந்த இடத்தில் அவள் அழவில்லை. மகனை இறக்காமல், டொக்டரைப் பார்த்து, இத்தனை காலமும் பொத்திப் பொத்தி வைத்த பேரைச் சொன்னாள்.

“இவட பேர் சதுர்சிகா ஐயா. பதினாறு வயசு. எனக்கெண்டு நான் சொன்ன வருத்தமெல்லாம் இவவுக்குத்தான். இவவப் பாருங்க.”

குமரின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாய், நாசமாய்ப் போவாய் என்று உதயரூபன் கத்திக்கொண்டு வெளியே போனான். டொக்டர் அவனைத் தடுக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துச் சதுர்சிகாவை இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை. அம்மா சொல்வது உண்மையா என்று அவளிடம் கேட்டார்.

“ஓம்,” என்றாள் சதுர்சிகா. யோசிக்கவே இல்லை. “நான்தான். அவன் சத்தம் போடாம இரிக்கிறதப் பாத்தா எனக்கு இன்னும் செய்யோணும் போல வரும். ஏனெண்டு தெரியா. எனக்கு அது விருப்பமில்ல.” பிறகு, “ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்லயே,” என்றாள்.

உண்மைதான். கட்டாடியார் தாயைக் கேட்டார். தாய் புருஷனைக் கேட்டாள். உத்தியோகத்தர் தாயைப் பற்றி மகளைக் கேட்டார். அடித்தார்கள், நூல் கட்டினார்கள், தேத்தண்ணீரில் மருந்து கலந்தார்கள். மகள், உனக்கு என்ன செய்யுது என்று ஒரு வார்த்தை அந்த வீட்டில் யாரும் அவளிடம் பேசவில்லை. இவ்வளவு பேச்சுப் பேசுகிற அஜந்தாவும் பேசவில்லை.

அஜந்தா மகனை நேர்ஸின் கையில் கொடுத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் போய் அவளுடைய தலையைத் தடவக் கையை நீட்டினாள். சதுர்சிகா அடி விழப்போகிறது என்று நினைத்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒதுங்கினாள்.